செவ்வாய்க்கிழமை வெளியே போகாத காசு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான், தொட்டிலில் தம்பி. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்த கரண்டுக்காரர் ஆறாவது ஆள். மூன்று மணிக்கு மேல் வந்த சமையல்காரரையும் சேர்த்தால் ஏழு. அப்பா இல்லை. புதுவயலில் ரைஸ் மில்லில் இருந்தார். அவர் இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்டு அட்டை என்று ஒன்று இருந்ததே, மீட்டர் பலகையில் செருகி வைத்திருப்போமே, ரீடிங் எடுக்க வருகிறவர் அதில் எழுதிவிட்டுப் போவாரே, அந்தக் காலம். இப்போது போனில் டிங் என்று ஒரு சத்தம் வருகிறது, தொகையும் கடைசித் தேதியும் வந்துவிடுகின்றன. அந்தச் சத்தம் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். என் மருமகள் சிரிப்பாள். இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு தடவை எழுந்துபோய் சிலிண்டருக்குப் பதிந்தோமா என்று பார்த்துவிட்டு வந்தேன். பதிந்துதான் இருக்கிறது.

காரைக்குடியை விட்டு அரியக்குடிக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் ஓட்டு வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு. கூடத்துக்கு ஒரே ஒரு சன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. கூட்டுக் குடும்பம். கரண்டு அட்டை பெரியப்பா பெயரில். அப்பாவின் சம்பளம் சனிக்கிழமை இரவு பெரியப்பா கைக்குப் போகும், அவர் அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். பலசரக்குக்கு எப்போது கொடுப்பது, பால்காரருக்கு எப்போது, வீட்டு வரி எப்போது, கரண்டுக்கு எப்போது, எல்லாம் அவர்தான் முடிவு செய்வார். முடிவு செய்ய அவருக்கு ஒரு தினக்காலண்டர் இருந்தது. பெட்டிக்கு நேர் மேலே ஆணியில் தொங்கும். காலையில் அதன் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் விழிப்பேன்.

செவ்வாய், வெள்ளியில் வீட்டுக் காசு வெளியே போகக் கூடாது. விளக்கு வைத்த பிறகு எந்தக் கிழமையிலும் போகக் கூடாது. இதெல்லாம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். பெரியப்பாவுக்கு இவற்றோடு அஷ்டமி, நவமி, ராகு காலம், எமகண்டம். எல்லாவற்றுக்கும் மேலே குளிகை. குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள் அல்லவா, அதனால் குளிகையில் பில் கட்டினால் மறுபடி மறுபடி கட்ட வேண்டி வரும் என்பது அவர் கணக்கு.

அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எந்த நேரத்துல கட்டுனாலும் ரெண்டு மாசத்துல திரும்ப வரத்தாண்ணே செய்யும்."

பெரியம்மா சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டாள். பெரியப்பா மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

அந்த வருஷம்தான் அம்மா தவணையில் கிரைண்டர் வாங்கினாள். சமையல்கட்டின் மூலையில் பச்சை நிற இரும்புச் சட்டத்தில் அது நின்றது. கல் சுற்றத் தொடங்கும்போது முதலில் ஒரு முனகல் வரும், பிறகு சீராக ஓடும், தம்பி அந்தச் சத்தத்தில்தான் தூங்குவான். தெருக்காரர்கள் படிக்கணக்கில் அரிசியும் உளுந்தும் கொண்டுவந்து அரைத்துப் போவார்கள். வீட்டுக்குள் எந்நேரமும் ஊறிய வெந்தயத்தின் வாசம். அம்மா தன் கையில் வருகிற காசிலிருந்து தவணைக்காரருக்கு மாதாமாதம் கொடுத்துவந்தாள். மிச்சத்தில் எனக்கு எட்டாம் வகுப்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். புதுப் புத்தகம், என்னிடம் வரும்வரை யாரும் தொடாதது. அதை நான் முகர்ந்துகொண்டே இருந்தேன்.

ஆனி மாதத்தில் ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டு, பெரியப்பாவிடம் நீட்டும்போது ஒரு மாதிரி பார்த்தார். எப்போதும் நாற்பதுக்குள் வருவது, தொண்ணூற்றாறு ரூபாய். பெரியப்பா அட்டையைத் தூரமாகவும் கிட்டமாகவும் பிடித்துப் பார்த்தார். என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

பெரியப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கணவனின் அண்ணன் எதிரில் நிற்பதில்லை, பேசுவதில்லை. அப்படித்தான் வழக்கம். கேட்க வேண்டியதை அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். பெரியப்பா பதிலை என்னிடமே சொல்வார். இரண்டு பேருக்கும் இரண்டு பேர் சொல்வதும் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்ப வேண்டும்.

"உங்க பெரியப்பாகிட்டக் கேளு, கிரைண்டரு ஓடுனதுக்கு எங்க பங்கு எம்புட்டுன்னு. தந்துர்றேன்."

பெரியப்பா காலண்டரைப் பார்த்தபடி சொன்னார். "மாவாட்டுன காசுல கரண்டுக்குக் கட்டுற நெலம இந்த வீட்டுக்கு இன்னும் வரலன்னு சொல்லு உங்காத்தாகிட்ட."

அம்மாவின் வளையல் சத்தம் உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய மனிதப் பேச்சாகத்தான் பட்டது. பெரியப்பா நமக்காகக் கட்டுகிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் கட்டவில்லை. முதல் வாரம் நாள் சரியில்லை என்றார். அடுத்த புதன்கிழமை சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அட்டையின் சின்ன எழுத்தை வாசிக்க நான் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

கவுண்டரில் நீண்ட வரிசை. பத்தரைக்குக் குளிகை, அது முடிந்த கையோடு ராகு காலம். பத்தரைக்குள் கட்டினால்தான் உண்டு. வரிசை நகர நகர, பெரியப்பா துண்டுக்குள் கையை விட்டு நோட்டுகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணி முடித்தால் திரும்ப முதலில் இருந்து. எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர். அவர் கொடுத்ததில் ஏதோ குறைந்தது. உள்ளே இருந்தவர் அட்டையையும் பணத்தையும் வெளியே தள்ளி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, முழுசா இருந்தா வாங்க, இல்லாட்டி வராதீங்க என்றார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு எங்களை உரசிக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் முறை. பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"குளிகை வந்துருச்சு. வா போவோம்."

இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நான் சொன்னேன். அந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வேகமாக நடந்தார். நான் ஓடினேன்.

வியாழக்கிழமை அஷ்டமி. வெள்ளி, வெள்ளிக்கிழமையும் ஆயிற்று, நவமியும் ஆயிற்று. அதுதான் கடைசித் தேதி. ரெண்டு நாள் பொறுப்பான், ஓடியா போகப்போறோம் என்றார். சனி ஞாயிறு கவுண்டர் கிடையாது. அந்தச் சனிக்கிழமை அப்பா கொண்டுவந்த சம்பளம் மூன்று நாளுக்கு உரியது. நெல் வரத்து இல்லாத மாதம், மில்லில் பாதி வேலைதான். அந்தப் பணத்தை பெரியப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பெட்டியில் வைத்தார்.

திங்கட்கிழமைக்கு நல்ல நேரமெல்லாம் பார்த்து வைத்திருந்தார். ஒன்பதிலிருந்து பத்தரை. கிளம்பிப் போனார். ஆபீஸ் பூட்டியிருந்தது. தேருக்கு உள்ளூர் விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறைதான். நான் காலையில் சீருடை போடாமல் அவர் கண்முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ராகு எங்கே நிற்கிறது, சந்திரன் எங்கே நிற்கிறது என்றெல்லாம் சொல்லிய காலண்டர், காரைக்குடியில் கவுண்டர் திறந்திருக்குமா என்று மட்டும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஏனென்றால் செவ்வாய்க்கிழமைக்கு அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர். செட்டியார் வீட்டில் அறுபதாம் கல்யாணம். சமையல்காரர் தேடி வந்து, சாயங்காலப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியார மாவு அரைத்துத் தரச் சொல்லி, நூறு ரூபாய் முன்பணமும் கொடுத்துப் போயிருந்தார். அம்மா அந்தப் பணத்தோடு தன் கையில் இருந்ததையும் போட்டுப் பச்சரிசியும் உளுந்தும் வாங்கிவிட்டாள். இந்த ஒரு வேலை சரியாக அமைந்தால் சமையல்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், கிரைண்டர் தவணை வருஷத்துக்குள் முடியும், என்னைப் பத்தாவது வரை தைரியமாகப் படிக்க வைக்கலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் பாத்திரம் துலக்கும்போது சொன்னாள்.

செவ்வாய் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றாள். "இன்னைக்கு ஒருநா மட்டும் இருத்தா. தம்பியப் பாத்துக்க."

ஒன்பது மணிக்கு ஊறப்போட்டோம். மூன்று அண்டா. வெள்ளைப் பணியாரம் தின்று வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மாவு புளிக்கவே கூடாது, வெண்ணெய் மாதிரி அரைபட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் எண்ணெயைக் குடித்துச் சிவந்துபோகும்.

அரிசி இன்னும் சரியாக ஊறவில்லை, கரண்டுக்காரர் வந்துவிட்டார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கையில் ஒரு தாள். பெரியப்பா பெயரைச் சொல்லி, கட்டியாச்சா என்று கேட்டார். பெரியப்பா, நாளைக்குக் கட்டிருவோம் என்றார். நாளைக்கு ஏன், இன்னைக்கே கட்டுங்க, கவுண்டர் திறந்துதான் இருக்கு என்றார் அவர்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமை."

கரண்டுக்காரர் சிரித்தார். "எங்க ஆபீசுல எல்லாக் கெழமையும் வாங்குவாக, பெரியவரே."

நல்ல மனிதர். அண்டாக்களைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் சேலைத் தலைப்பையும் பார்த்திருப்பார். நான் அடுத்த தெருவுக்குப் போய்ட்டு வாறேன், அதுக்குள்ள யாரையாவது அனுப்பிக் கட்டிட்டு ரசீதக் காட்டுங்க, இல்லாட்டி எனக்கு வேற வழியில்ல என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

பெரியப்பா காலண்டருக்குக் கீழே, பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல் நடுவில் போய் நின்றேன், அம்மா சொல்லப்போவதை வாங்கிச் சொல்ல. அம்மா எனக்குச் சொல்லவில்லை. கதவைத் தாண்டி வந்தாள். வந்து அவர் எதிரே நின்றாள்.

"சாவியக் குடுங்க."

பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "செவ்வாக்கிழம வீட்டுக் காசு வெளிய போகாதுன்னு சொல்லு."

"அரிசி ஊறுது. அதுக்குக் கெழம தெரியாது. சாவியக் குடுங்க, நானே போய்க் கட்டிட்டு வாறேன்."

"போகாதுன்னு சொல்லுத்தா."

நான் யாரிடம் சொல்வது. தலையை இரண்டு பக்கமும் திருப்பினேன். பெரியம்மா சமையல்கட்டு வாசலில் நின்று, அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவள் அடங்கிவிட்டாள். அந்தப் பார்வையை அதட்டல் என்று நினைத்தேன். கெஞ்சல் என்று தெரிய எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அம்மா அதற்குமேல் நிற்கவில்லை. சட்டென்று உள்ளே போனாள். ஊறியது போதும் என்று முதல் அண்டாவை வடித்துக் கிரைண்டரில் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். கல் முனகியது, ஓடியது. கரண்டுக்காரர் திரும்பி வருவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அவள் வேர்வை மூக்கு நுனியில் வந்து நிற்க, அதைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து, மாவைத் தள்ளித் தள்ளிவிட்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். காது முழுக்க அந்தக் கல்லின் சத்தம், அதற்கு நடுவே வாசலில் சைக்கிள் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் காற்று இல்லை. வெளியே ஆனிக் காற்று ஓட்டைத் தூக்குகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது, ஒரு பொட்டு உள்ளே வரவில்லை.

முதல் அண்டா முடிந்தது. இரண்டாவதைப் போட்டுக் கல் பாதி சுற்றுக்கூட வந்திருக்காது. சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். கரண்டுக்காரர் நேராக மீட்டர் பலகைக்குப் போனார். வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார். உள்ளே கல் மெதுவாக, மெதுவாக, இன்னும் ஒரு சுற்று சுற்றும் என்று நினைக்கும்போது நின்றது. தம்பி விழித்து அழத் தொடங்கினான்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கிரைண்டர் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். அவர்களுக்கும் மறுநாள் முகூர்த்தத்துக்கு ஆர்டர், நெருங்க முடியாது என்றார்கள். திரும்பி வந்தபோது அம்மாவும் பெரியம்மாவும் ஆட்டுக்கல்லுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா சேலையை வரிந்து கட்டியிருந்தாள். குழவி கடகடத்தது. பெரியப்பா பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று போய்க் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மற்றக் கை அரைஞாண் சாவியை இறுகப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு மேல் சமையல்காரர் வண்டியோடு வந்தார். கிரைண்டரில் அரைத்ததை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். கையால் அரைத்ததைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். விரலில் இருந்ததை அண்டாவிலேயே வழித்துப் போட்டார்.

"நறநறங்குதேம்மா. நான் செட்டியார் வீட்டு ஆச்சிக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"ஒரு அண்டா நல்லாருக்குண்ணே."

"ஒரு அண்டாவ வச்சு நான் யாருக்குப் போட, யாருக்குப் போடாம விட."

அந்த ஒரு அண்டாவையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. விசேஷ வீட்டில் இரண்டு விதமாகப் பணியாரம் போட முடியாது, பலகாரத்தையே மாற்ற வேண்டியதுதான் என்றார். கோபமாகப் பேசவில்லை. முன்பணத்த மெதுவாக் குடும்மா என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். நாங்கள் இரண்டு நாள் தெரு முழுக்க மாவு கொடுத்தோம். பிறகு கொட்டினோம்.

மறுநாள் புதன். கண் விழித்தபோது பெரியப்பா வீட்டில் இல்லை. பத்தரைக்குள் கட்டிவிட்டு, மறு இணைப்புக் கட்டணமும் கட்டிவிட்டு, ரசீதோடு வந்தார். மத்தியானம் கரண்டு வந்தது. அன்று பெரியம்மாவின் மூக்கில் மூக்குத்தி இருந்த இடத்தில் சிறிய வேப்பங்குச்சி ஒன்று இருந்தது. ஏன் பெரியம்மா என்றேன். புண்ணா இருக்கு, கழட்டி வச்சிருக்கேன் என்றாள். நான் நம்பினேன். அந்தக் குச்சி வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது.

பெட்டியில் தொண்ணூற்றாறு ரூபாய் இருக்கவில்லை. எப்போதும் வருகிற நாற்பதுக்குப் போதுமானது மட்டும் இருந்திருக்கும். அதைத்தான் வரிசையில் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறார். எண்ணினால் கூடிவிடும் என்றா? அம்மாவிடம் வாங்கிக்கொள்ள வாய் வராது. வேண்டாம் என்று சொல்லியாயிற்றே. தன் தம்பியின் சம்பளம் பாதியாகிவிட்டது என்று தம்பி மனைவிக்குத் தெரியவும் கூடாது. அவருக்குக் கையில் இருந்தது நாளும் கிழமையும்தான். அதை ஒவ்வொன்றாகச் செலவழித்துக்கொண்டே வந்து, செவ்வாய்க்கிழமையில் வந்து முட்டிக்கொண்டார். அம்மாவிடமோ தர வேண்டிய பங்கு, அரிசி வாங்கும் முன்பு வரை, முந்தானையில் முடிந்தே இருந்தது. கேட்டிருந்தால் தந்திருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் தெரியாது.

ஊருக்குள் சமையல்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் அல்லவா. பிறகு ஆர்டர் வரவில்லை. இரண்டு தவணை நின்றது, மூன்றாவதில் தவணைக்காரர் வண்டி கொண்டுவந்து கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போனார். சமையல்கட்டு மூலையில் சட்டத்தின் நான்கு கால் தடம் சதுரமாக இருந்தது. தம்பி ரொம்ப நாள் சரியாகத் தூங்கவில்லை. அம்மா அப்பாவோடு புதுவயலுக்கு நெல் காயப்போடும் களத்து வேலைக்குப் போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஒருநாள் மட்டும் என்று நின்ற நான் அப்படியே நின்றுவிட்டேன். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பாதிக்கு மேல் திறக்காத பக்கங்கள். அதைப் பழைய பேப்பருக்குப் போடும்போதும் அந்த வாசம் கொஞ்சம் இருந்தது.

பெரியப்பாவை நான் நெடுநாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் நிறுத்தினேன். போனில் டிங் என்றது. என் வீட்டுக்காரருடைய பென்சன் வர இன்னும் நாள் இருந்தது, மகன் அனுப்புவது தாமதமாகியிருந்தது. மருமகள் கேட்டாள், இப்பவே கட்டிரவா அத்தை, நான் போட்டுட்டு அப்புறம் உங்ககிட்ட வாங்கிக்கிறேன் என்று. நல்ல பிள்ளை. அவள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற காசு. சரி என்று சொல்ல வேண்டியதுதானே. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இன்னைக்குச் செவ்வாக்கிழமைத்தா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன். என் கையைப் பார்த்தேன். பர்சை இறுகப் பிடித்திருந்தது.

அம்மா அந்த முன்பணத்தை அடைக்கப் பார்த்தாள். களத்துக் கூலியில் மிச்சம் பிடித்து, ஒருமுறை இருபது, ஒருமுறை இருபது. இரண்டாவது தரம் கொடுத்துவிட்டு வந்த சில மாதத்தில் சமையல்காரர் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் இப்போது பெரிய கேட்டரிங் நடத்துகிறார். கல்யாண வீடுகளில் அவர் பந்திதான். வெள்ளைப் பணியாரம் இலையில் விழும்போதெல்லாம் எழுந்துபோய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்லிக் கொடுப்பது, அவர் சிரித்து வேண்டாம் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பர்சில் ஒரு ஓரமாக மடித்து வைத்திருக்கிறேன். கிழமை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பாக்கி, அறுபது ரூபாய்.